அண்ணி கேட்ட ஒலிநாடா

என் அண்ணிக்குப் பேச்சு திக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் இதைச் சொல்வதில்லை. அவள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவளுடைய வாய் நான்தான். எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் நான் சொல்வேன். எந்த நிறம் வேண்டும் என்று கடைக்காரரிடம் நான் சொல்வேன். போன் அடித்தால் அதை எடுத்து என் பக்கம் நீட்டிவிடுவாள். எனக்கும் அதில் கஷ்டம் இல்லை. இரண்டு பேருக்குத் தேவையான வாய் எனக்கு மட்டும் கிடைத்துவிட்டது என்று அண்ணன் சொல்லுவான். பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜை வேலை எனக்குக் கிடைத்ததே அந்த வாயால்தான்.

அண்ணிக்கு வாய்தான் மக்கர் பண்ணும், கை பண்ணாது. படங்களுக்குச் சட்டம் போடுவது அவள் தொழில். எங்கள் தெருவின் கோடியில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய ஒரு கடை. கண்ணாடியின் மேல் அளவுகோலை வைத்து, சின்னச் சக்கரம் வைத்த கத்தியால் ஒரே ஒரு கோடு இழுப்பாள். இரண்டாம் தடவை இழுக்கவே மாட்டாள். அடியில் ஒரு தட்டு, கண்ணாடி சொன்னபடி இரண்டாகிவிடும். நான் ஒருமுறை ஆசைப்பட்டு இழுத்துப் பார்த்தேன். அது என் குணத்தைப் போலவே தாறுமாறாக உடைந்தது.

அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போனவர்களின் படத்தோடு வருவார்கள். ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்தில் கடைசி வரிசையில் பாதி மறைந்து நிற்கும் முகத்தை விரலால் தொட்டு, "இது மட்டுந்தாங்க இருக்கு" என்பார்கள். அண்ணி தலையை ஆட்டி வாங்கி வைத்துக்கொள்வாள். அவளுக்கும் அப்படி ஒன்று மட்டும்தான் இருந்தது. அவள் அப்பா குழாய் ரிப்பேர் செய்தவர். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். கடையின் சுவரில் அவர் படம் இருக்கிறது. முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, ஒரு காது மற்றதைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்க, கேமராவை நம்பாத ஒரு பார்வை.

அண்ணியின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவரும் எங்களோடுதான் இருக்கிறார். புருஷனைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பேச்சு வந்தால் ஒன்றுதான் சொல்லுவார்: "அவரு நல்லாப் பேசுவாரு." அதைக் கேட்கும்போதெல்லாம் அண்ணி தலையைக் குனிந்துகொள்வாள். ஒருநாள் கடையில் என்னிடம் மட்டும், மெல்ல, நின்று நின்று கேட்டாள்: "அவரு நல்லாப் பேசுவாராம். அ... அம்மாவும் நல்லாப் பேசுறாங்க. அப்ப எனக்கு மட்டும் இது எ... எங்க இருந்து வந்துச்சு?" நான் சுவரில் இருந்த அவர் படத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.

போன வருடம் மாநகராட்சிக்காரர்கள் தங்கள் அலுவலகத் தாழ்வாரச் சுவரை அழகுபடுத்த நினைத்தார்கள். பழைய புகைப்படங்கள் ஒரு கட்டு எங்கள் கடைக்கு வந்தது. பாலத் திறப்பு, வெள்ளம், வரிசையாகத் தெருவிளக்குகள், அப்புறம் மக்கள் குறைகேட்புக் கூட்டம் ஒன்று. கண்ணாடி போடுவதற்கு முன் தூசி இருக்கிறதா என்று அண்ணி முகத்தைப் படத்தின் மேல் கவிழ்த்துப் பார்ப்பாள். அந்தக் கூட்டப் படத்தின் மேல் கவிழ்ந்தவள் நிமிரவில்லை. நான் சாப்பாட்டு இடைவேளையில் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். என்ன அண்ணி என்றேன். விரலை வைத்துக் காட்டினாள்.

மண்டபத்தில் ஒரு மைக்கின் முன்னால் ஒருவர் நின்றிருந்தார். முகம் பக்கவாட்டில். சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது, காது வெளியே தள்ளியிருந்தது. நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன், திரும்ப இதைப் பார்த்தேன். அதே ஆள். ஆனால் அண்ணியின் விரல் அதற்குள் நகர்ந்துவிட்டது. மேடைக்குப் பக்கத்தில் குறிப்பெழுதுகிறவரின் மேஜை, அந்த மேஜையின் மேல் ஒரு கேசட் ரெக்கார்டர். அதன் சிவப்புப் பொத்தான் அழுத்தியிருந்ததா என்று படத்தில் தெரியவில்லை. அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கு... குரல்" என்றாள்.

அன்றைக்கே விண்ணப்பம் எழுதினாள். மாநகராட்சியிடம் இருக்கும் எந்தப் பதிவையும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. படத்தின் பின்னால் கூட்டம் நடந்த தேதி இருந்தது. அதைக் குறிப்பிட்டு, மைக்கின் முன் நிற்பவர் என் அப்பாவா, அவர் என்ன பேசினார் என்று கேட்டிருந்தாள். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. "இவ்வலுவலகம் பதிவுகளை வழங்கும். கேள்விகளுக்கு விடையளிக்காது."

எனக்கு வந்ததே கோபம். ஒரு பெண் அப்பாவைப் பற்றிக் கேட்டால் இப்படியா பதில் எழுதுவார்கள் என்று கிளினிக்கில் பல் பிடுங்க வந்தவர்களிடமெல்லாம் புலம்பினேன். அண்ணி புலம்பவில்லை. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்து, "ச... சரிதான்" என்றாள். கேள்வியைக் கேட்காமல் பொருளைக் கேட்டாள்: இன்ன தேதியில் நடந்த குறைகேட்புக் கூட்டத்தின் ஒலிநாடாவில் ஒரு நகல். மனசில் இருப்பதை இப்படி ஒரு பொருளாக மாற்றி, முகவரி எழுதிய உறையில் போட்டு அனுப்ப முடியும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அந்த விண்ணப்பத்தை நேரில் கொடுக்க நாங்கள் இருவரும் போனோம். பதிவறை மாநகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. நான் இரண்டு பீரோவையும் ஒரு ஃபேனையும் எதிர்பார்த்துப் போனேன். கதவைத் திறந்ததும் வாயை மூட மறந்துவிட்டேன். அலமாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு தெருவிளக்குக் கம்பத்துக்கும் ஒரு தாள், ஒவ்வொரு சாக்கடைக்கும் ஒரு வரைபடம். எந்த மரத்தை யார் வெட்டச் சொன்னார்கள், எந்த வீட்டு மாடிப்படி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, எந்த நாய் யாரைக் கடித்தது, எல்லாம் அங்கே கயிறு கட்டி உட்கார்ந்திருந்தது. எங்கள் குப்பைத் தொட்டிக்காக நான் போட்ட சண்டையும் அங்கே ஏதோ ஒரு கட்டில் இருந்தே தீரும் என்று தோன்றியது. நாம் மறந்துபோனதையெல்லாம் யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோயிலுக்குள் நுழைந்த மாதிரி செருப்பைக் கழற்றலாமா என்று கை போனது.

அந்த அறையின் எழுத்தர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தை வாங்கினார், படித்தார், அண்ணியை ஒரு தடவை பார்த்தார், மறுபடி படித்தார். "தகவல் வரும்" என்றார். அவ்வளவுதான்.

தகவல் வந்தது. "ஒலிநாடாவின் முதல் பக்கமா, இரண்டாம் பக்கமா என்று தெளிவுபடுத்தவும்." இரண்டும் என்று அண்ணி எழுதினாள். "கூட்டத்தின் முற்பகுதியா, பிற்பகுதியா என்று தெளிவுபடுத்தவும்." முழுவதும் என்று எழுதினாள். "விண்ணப்பதாரரின் கையொப்பம் முந்தைய கையொப்பத்தோடு ஒத்துப்போகவில்லை." அதற்கும் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். நான் அந்த மனிதருக்கு ரிட்டர்ன் சார் என்று பெயர் வைத்துவிட்டேன். வீட்டில் எதைக் கொடுத்து எதைத் திருப்பிக் கொடுத்தாலும் ரிட்டர்ன் சார் என்றுதான் பேச்சு. அண்ணன் கார் மெக்கானிக். அவனுக்கு எல்லாப் பிரச்சினைக்கும் ஸ்பானர்தான் மருந்து. "நான் போய் ரெண்டு திருகு திருகினா சரியாயிடும்" என்றான். அத்தை மட்டும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்.

கையெழுத்து ஒத்துவரவில்லை என்ற தகவல் இரண்டாம் முறை வந்தபோது அண்ணிக்கே பொறுமை போய்விட்டது. மேலதிகாரிக்கு ஒரு புகார் எழுதினாள். நான் அதைப் படித்தேன். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, ஒரு திட்டு இல்லை, ஆனால் படிக்கிறவன் நாற்காலியில் நெளிவான். எத்தனை முறை என்ன கேட்டார்கள், அவள் என்ன பதில் சொன்னாள், ஒவ்வொன்றும் வரிசையாக. வாய் இருக்கிறவர்கள் வாயாலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பலன் உடனே தெரிந்தது. மேலதிகாரியே கையெழுத்துப் போட்ட பதில் வந்தது. "ஒலிநாடாவை நகலெடுக்கும் சாதனம் இவ்வலுவலகத்தில் இல்லாததால் நகல் வழங்க வழியில்லை. விண்ணப்பம் முடித்துவைக்கப்பட்டது."

அத்தை அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நான் படித்தேன். "சரி, விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று அண்ணி கடையைத் திறந்தாள், ஆனால் கண்ணாடியைத் தொடவில்லை.

அடுத்த நாள் மதியம் கடை வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். காதில் பென்சில். கையில் கண்ணாடி உடைந்த ஒரு கல்யாணப் படம். நான் விடுவேனா? "வாங்க சார். எந்தப் பக்கம் கண்ணாடி போடணும், முன் பக்கமா பின் பக்கமா? தெளிவுபடுத்தி எழுதிக் குடுத்தாத்தான் வாங்குவோம்."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நான் ஆபீஸ் வேலையா வரலைம்மா. கண்ணாடி மாத்த வந்தேன்" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்துச் சொன்னார்: "பழைய கேசட் எல்லாத்தையும் அழிக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. கூட்டத்துல நடந்ததைத்தான் எழுதி வச்சிருக்கே, குரல் எதுக்குன்னு கேக்குறாங்க. ஆனா ஒரு பதிவு மேல விண்ணப்பம் நிலுவையில இருந்தா அதை யாரும் தொடக் கூடாது. அது விதி."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அண்ணிக்கு ஆகவில்லை.

"அப்ப நீங்க திருப்பித் திருப்பி அனுப்பினது..." என்றேன்.

"நிலுவையில இருக்கணுமே. ஓடுற மிஷின் ஒண்ணு தேடிக்கிட்டு இருந்தேன். நாடா உள்ள ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. தினம் சாப்பாட்டு நேரத்துல இந்தப் பென்சிலை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாச் சுத்தி விட்டேன். இப்ப ஓடும்னு நினைக்கிறேன்."

"இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"விண்ணப்பதாரருக்கு யோசனை சொல்லக் கூடாது. அதுவும் விதி."

"இப்ப சொல்றீங்களே?"

"இப்ப நான் கண்ணாடி மாத்த வந்திருக்கேன்."

ஊரெல்லாம் நான் திட்டித் தீர்த்த மனிதர் அவர். எங்கள் புகார்தான் விண்ணப்பத்தை முடிக்க வைத்து அந்தக் கேசட்டைக் குப்பை வண்டிக்கு அனுப்பியிருக்கிறது. "வண்டி எப்ப வருது?" என்று கேட்டேன். நாளை சாயங்காலம் என்றார்.

அண்ணி இழுப்பறையைத் திறந்து அந்தப் பதிலை எடுத்தாள். மேஜையில் விரித்து, கண்ணாடியில் தூசி தேடுவது போல முகத்தைக் கவிழ்த்துப் படித்தாள். ஒரு வார்த்தையில் விரலை வைத்தாள். "ந... நகல்தான கு... குடுக்க வழியில்ல?" என்றாள். ரிட்டர்ன் சார் சுவரில் இருந்த படங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என் கண்ணாடி எப்ப ரெடியாகும்?" என்று கேட்டார். அண்ணி அதற்குள் புதுத்தாள் ஒன்றில் எழுத ஆரம்பித்திருந்தாள். நகல் வேண்டாம். மேற்படி ஒலிநாடாவை விண்ணப்பதாரர் தன் சொந்தச் சாதனத்தோடு வந்து நேரில் பார்வையிட அனுமதிக்க வேண்டும்.

புது விண்ணப்பம் என்பதால் அதை மேல்தளத்தில் பொதுக் கவுண்ட்டரில்தான் பதிய வேண்டும். காலையில் கிளினிக்குக்குப் போய் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தேன். அன்றைக்குப் பார்த்து ஒருவர் தாடை வீங்கி வந்து சேர்ந்தார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அண்ணி வரிசையின் முன்னால் நின்றிருந்தாள், எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கூட்டம்.

கவுண்ட்டரில் இருந்த பெண் விண்ணப்பத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "சொல்லுங்க, நான் டைப் பண்ணிக்கிறேன். பேரு?" என்றாள். அண்ணி எப்படியோ சொல்லிவிட்டாள். "அப்பா பேரு?"

அங்கே நின்றுவிட்டது. முதல் எழுத்தே வரவில்லை. எனக்குப் பின்புறத்திலிருந்தே தெரியும். தோள் இரண்டும் மேலே ஏறும், கழுத்து இறுகும். வரிசையில் ஒருவர், "சீக்கிரம்மா, வேலை இருக்குல்ல" என்றார். வேறு யாரோ லேசாகச் சிரித்தார்கள். அந்தப் பெயர் என் நாக்கின் நுனியில் இருந்தது. நாலு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

கவுண்ட்டரின் கண்ணாடித் தடுப்பில் அண்ணி என் உருவத்தைப் பார்த்துவிட்டாள். திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, விரல்களை விரித்து, நில் என்றாள். நான் நின்றேன். அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, தாளை எடுத்து நீட்டவில்லை. அப்படியே நின்றாள். சிரித்தவர் நிறுத்தினார். டைப் செய்கிற பெண் முதல் முறையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அந்தக் கூடம் முழுக்க ஒரு பெயருக்காகக் காத்திருந்தது. அது வந்தது. அப்பா பெயர், முகவரி, என்ன பதிவு, எந்தத் தேதி, நகல் இல்லை பார்வையிடல், எல்லாவற்றையும் அவளே சொன்னாள். முத்திரை விழுந்தது. இத்தனை வருடம் நான் அவளுக்குச் செய்தது உதவியா என்று யோசித்துக்கொண்டே அவள் பின்னால் படி இறங்கினேன்.

அன்று சாயங்காலம் வண்டி வந்தது. ஆனால் அந்தக் கேசட் அலமாரியைக் கணக்கெடுத்துப் பிரிப்பதற்குள் நேரம் ஆகிவிட்டதாம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் ஒன்றைத் தேடிப் பிரித்து வைத்துவிட்டுத்தானே மற்றதை ஏற்ற முடியும்? ரிட்டர்ன் சார் அன்று மிக நிதானமாகத் தேடியிருக்கிறார். வண்டி அடுத்த வாரம் வருகிறேன் என்று போய்விட்டது.

பார்வையிட எங்களுக்குக் கொடுத்த நாள் அதற்கு முன்பே வந்தது. சாதனத்துக்கு அண்ணன் இருந்தான். உடைக்க வந்த ஒரு பழைய காரிலிருந்து கேசட் பிளேயரைக் கழற்றி, ஒரு ஸ்பீக்கரை மாட்டி, கார் பேட்டரி ஒன்றோடு ஒயரில் கோர்த்து, குழந்தையைத் தூக்குவது போல மாரோடு அணைத்துக்கொண்டு மாநகராட்சி வாசலில் வந்து நின்றான். காவலாளி பதறிப்போய் என்ன இது என்று கேட்டார். "சொந்தச் சாதனம்" என்றான் அண்ணன், விண்ணப்பத்தில் இருந்த வார்த்தையை ஒரு எழுத்துப் பிசகாமல். ஸ்பானரால் அவன் தீர்த்துவைத்த முதல் குடும்பப் பிரச்சினை அதுதான்.

கீழ்த்தளத்தில் ஒரு மேஜையைக் காலி செய்து வைத்திருந்தார் ரிட்டர்ன் சார். அத்தை வெளியூருக்கு மட்டும் உடுத்தும் புடவையில் வந்திருந்தார். அவருக்கு நாற்காலி. நாங்கள் நின்றோம். கேசட் உள்ளே போனது. முதலில் வெறும் இரைச்சல், பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம், யாரோ இருமினார்கள். அத்தனை வருடத்துக்கு முந்தைய இருமல் அது.

ஒரு பெண் வந்து தன் தெருவில் தண்ணீர் வரவில்லை என்றார், அவர் இடுப்பில் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. ஒரு பெரியவர் நாய்களைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். "முன்னால ஓட்டட்டுமா?" என்று அண்ணன் கேட்டான். அண்ணி வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் அவர்கள் ஒவ்வொருவரையும் கேட்டாள். கடைக்கு யாராவது படம் கொண்டுவந்து நீட்டும்போது கேட்பது போலவே கேட்டாள்.

"அடுத்தவரு. பேரு சொல்லுங்க" என்றது தலைவரின் குரல்.

மைக் கரகரத்தது. ஒரு மூச்சு. பிறகு ஒரு எழுத்து, திரும்ப அதே எழுத்து, திரும்ப அதே எழுத்து.

எனக்கு நாடா சிக்கிக்கொண்டது என்று தோன்றியது. அண்ணனுக்கும் தோன்றியிருக்க வேண்டும், கையை நீட்டினான். ரிட்டர்ன் சார் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாடா சிக்கவில்லை. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அப்போது அந்தக் குரல் சொன்னது, அமைதியாக, கோபமே இல்லாமல்: "சி... சிரிச்சு முடிங்க. நா... நான் நிக்கிறேன்."

சிரிப்பு நின்றது. அவர் நின்றார். அந்த மௌனம் நாடாவில் அப்படியே இருக்கிறது. நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் தோள்கள் ஏறியிருந்தன, கழுத்து இறுகியிருந்தது, உதடு அதே எழுத்தில் மாட்டியிருந்தது. கவுண்ட்டரில் அவள் மாட்டிக்கொண்ட அதே பெயர், அதே எழுத்து. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். பெயர் இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்தது.

நான் என் வாழ்க்கையில் பெரிய பெரிய பேச்செல்லாம் கேட்டிருக்கிறேன். ஒன்றும் இதற்கு ஈடில்லை. அழுகிறேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

அவர் கேட்டது ஒரு சாக்கடை மூடி. தெருக்கோடியில் திறந்து கிடக்கும் சாக்கடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற வழி. அவர் சொன்ன இடத்தில் இப்போது மூடி இருக்கிறது; அதை நான் தினம் மிதித்துக்கொண்டுதான் கிளினிக்குக்குப் போகிறேன். பாதியிலேயே மணி அடித்தது. "நேரம் முடிஞ்சுது" என்றார் தலைவர்.

"இ... இன்னும் முடியலைங்க" என்றார் அவர். "எ... எங்க வீட்டுல இப்பத்தான் ஒரு பொ... பொண்ணு பொறந்திருக்கு. அது ந... நடக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள மூடி போட்டுடணும். அ... அவ்வளவுதாங்க."

நாற்காலி நகர்ந்தது. அடுத்தவர் வந்தார். அண்ணன் ஸ்பீக்கரைக் குறைத்தான். நான் என் போனை மேஜை ஓரத்தில் திருப்பி வைத்திருந்தேன், அது எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த ரிட்டர்ன் சார் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

அண்ணி தன் அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "ஏ... ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

அத்தைக்கு உண்மையாகவே புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். "என்னத்தைச் சொல்லணும்? எத்தனை தடவை சொல்லியிருக்கேன். நல்லாத்தான பேசுறாரு?"

பிறகு ரிட்டர்ன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு தாளையும் பேனாவையும் மேஜையில் வைத்தார். பார்வையிடல் முடிந்தது என்று விண்ணப்பதாரர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நிலுவை இல்லை. அதைச் சொல்லும்போது அவர் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் குரல் போனில் இருக்கிறது, இனி அந்தக் கேசட் போனால் என்ன என்று நான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அண்ணி எழுந்து நின்றாள். பேனாவை எடுக்கவில்லை. தண்ணீர் கேட்ட அந்தப் பெண், இடுப்பில் அழுத குழந்தை, நாய்களைப் பற்றிப் பேசிய பெரியவர், அவர்களைப் போல எத்தனையோ பேர் இருந்த அலமாரியை அவள் ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். எல்லாக் கேசட்டும் அடுத்த வாரத்து வண்டிக்காக அடுக்கியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"இ... இன்னும் முடியலைங்க" என்றாள். "அந்த அ... அலமாரி முழுசையும் பார்வையிடணும். ஒ... ஒவ்வொண்ணா."

ரிட்டர்ன் சார் பேனாவை எடுத்து மூடினார். காதில் இருந்த பென்சிலை எடுத்தார். "எந்தக் கேசட், எந்தப் பக்கம்னு தெளிவா எழுதிக் குடுங்க" என்றார். "இல்லன்னா நான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்."